ஹோர்டன் சமவெளியில் குடும்பத்தோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு நுவரெலியாவில். டிசம்பர் பிறந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா குடும்பம், ஏப்ரலில் மட்டக்களப்பு மாமி, இடையில் சென்னையிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது. வந்தவர்கள் முதல் தேத்தண்ணியைக் குடித்து முடிக்குமுன்னே கேட்பது ஒன்றுதான்: “எப்ப உலக முடிவுக்குப் போறது?” அதற்குப் பின்னால் வரும் கேள்விகளும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருப்பதால், ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் வாய் வலிக்காது என்று நினைத்தேன்.

உலக முடிவு வேறு, ஹோர்டன் சமவெளி வேறா?

உலக முடிவு என்பது ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஒரு மலை விளிம்பு. நடந்து வரும் புல்வெளி அந்த இடத்தில் சட்டென்று முடிந்து, சுமார் 870 மீற்றர் நேர் கீழே இறங்குகிறது. பூங்கா அதைவிட எவ்வளவோ பெரியது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே, 3,160 ஹெக்டேயர் பரப்பில், புல்வெளியும் குட்டை மரக் காடும் மாறி மாறி வரும். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் இங்கிருந்து போகிறது. 1969இல் ஒதுக்கிடமாக அறிவித்தார்கள், 1988இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

சிங்களத்தில் இதற்குப் பழைய பெயர் மகா எலிய. ஹோர்டன் என்பது 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த வெள்ளைக்காரரின் பெயர்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த விளிம்பை மட்டும் பார்க்கப் போகிறவர்கள் பாதிப் பேர் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். நடையைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவதில்லை. கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? சின்னப் பிள்ளைகளால் முடியுமா?

ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தருகே வண்டியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால், சின்ன உலக முடிவு (ஆழம் குறைந்த இன்னொரு விளிம்பு), பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி எல்லாம் பார்த்துத் திரும்பப் புறப்பட்ட இடத்துக்கே வரும் ஒரு வளைய வழி. மொத்தம் 9 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. இளசுகள் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகளோடு என்றால் ஐந்து மணி நேரம் வையுங்கள்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை தாராளமாக நடக்கும். பெரிய ஏற்றம் கிடையாது. ஆனால் பாதை சமதளம் என்று பெயரைப் பார்த்து நினைக்க வேண்டாம். மழை அரித்த களிமண், உருண்டு கிடக்கும் கல், வேர் படிக்கட்டு எல்லாம் உண்டு. இரண்டு, மூன்று வயதுக் குழந்தையை யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும். தள்ளுவண்டியை வந்த வண்டியிலேயே விட்டுவிடுங்கள். தம்பி ஒருவன் அதையும் கொண்டு வந்து, முதல் அரைக் கிலோமீற்றரிலேயே குழந்தையை ஒரு தோளிலும் தள்ளுவண்டியை மறு தோளிலும் சுமந்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

பிள்ளைகள் சோர்வது தூரத்தால் அல்ல, பெரியவர்கள் விரட்டுவதால். “கெதியா வா, கெதியா வா” என்று இழுக்காமல் அவர்கள் குனிந்த இடத்தில் நீங்களும் குனிந்தால் ஒன்பது கிலோமீற்றர் தெரியாமல் போய்விடும்.

அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

முழங்கால் எப்படி என்பதுதான் கேள்வி. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கி ஏறும் படிகள் செங்குத்து, ஈரம் வேறு. எங்கள் அம்மம்மா அறுபத்தெட்டு வயதில் சின்ன உலக முடிவு வரை வந்தார், அங்கிருந்து வந்த வழியே ஆறுதலாகத் திரும்பினார். முழு வளையமும் சுற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை. இருதய வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இந்த உயரத்தில் கொழும்பிலிருந்து வருபவர்களுக்குச் சின்ன ஏற்றமும் மூச்சு வாங்கும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து சுமார் 32 கிலோமீற்றர், அம்பேவெல, பட்டிப்பொல வழியாக மலைப் பாதை. ஐந்து மணிக்கு முன்னால் வான் வாசலை விட்டுப் புறப்பட வேண்டும் என்றால் வீட்டில் நாலு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் இது கொடுமைதான், தெரியும்.

காரணம் மூடுபனி. காலை ஒன்பது, பத்து மணிக்குள் கீழ்ப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடேறி மேலே எழும்பி விளிம்பை மூடிவிடும். அதன்பின் உலக முடிவில் நிற்பது பால் சட்டிக்குள் நிற்பது போல. இன்னொரு காரணமும் உண்டு. மிருகங்கள் நடமாடும் நேரமும் அதுதான், சனம் குறைந்த நேரமும் அதுதான்.

டிக்கட் விலையை எழுதவில்லை, மாறிக்கொண்டே இருக்கும். இலங்கையருக்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்பதை மட்டும் கனடா மாமாக்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

அவ்வளவு தூரம் போய் மூடுபனி வந்துவிட்டால்?

வரட்டும். ஒருமுறை நாங்கள் போய்ச் சேரும்போது மணி பத்தரை. வாடகைக்குப் பேசிய வான்காரர் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்ததன் பலன். ஒன்றுமே தெரியவில்லை. கைப்பிடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது கீழேயிருந்து, மிக மெல்லியதாக, ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. அம்மன் பாட்டு. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஏதோ தோட்டத்தில் கோயில் திருவிழா. கொஞ்சம் பொறுத்து ஒரு நாய் குரைத்தது, அதுவும் கீழே. “இவ்வளவு பள்ளத்திலயா ஆக்கள் இருக்கினம்?” என்று மாமி எழுந்து வந்து விளிம்புப் பக்கம் காது கொடுத்து நின்றார். பார்த்த பல தடவைகளை விட அந்தக் கேட்ட தடவைதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தெளிவான காலையில் கீழே தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களும் தீப்பெட்டி மாதிரித் தெரியும். அதற்கப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம். இன்னும் தெளிந்தால் தெற்கே கடல் கோடாக. இதற்கெல்லாம் அதிர்ஷ்டமும் வேண்டும். மூடுபனி சில வேளை பத்து நிமிடத்தில் கிழிந்து வழி விடும், ஆகவே வந்த கையோடு திரும்பாமல் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி முடியும் வரையாவது இருந்து பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. வானம் தெளிவாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல் நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். எங்கள் தீவில் இதைப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் சொற்பம். ஏப்ரல் புத்தாண்டு சீசனில் நுவரெலியாவே பொங்கி வழியும், பூங்கா வாசலில் வண்டி வரிசையைப் பார்த்தாலே மனம் விட்டுவிடும். நீண்ட வார இறுதியும் அப்படித்தான்.

வான் இல்லாமல் ரயிலில் வரலாமா?

வரலாம். பட்டிப்பொல நிலையம் இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையம், சுமார் 1,900 மீற்றர். அடுத்தது ஒஹிய. இரண்டிலிருந்தும் மேலே போக முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். ஒஹியவிலிருந்து நடந்தே ஏறுபவர்களும் இருக்கிறார்கள், 11 கிலோமீற்றர் ஏற்றம், பிள்ளைகளோடு நினைத்தும் பார்க்காதீர்கள். பகல் ரயிலில் வந்தால் மூடுபனி நேரம் தாண்டிவிடும் என்பதால் முதல் நாளே வந்து ஒஹியவிலோ நுவரெலியாவிலோ தங்குவதுதான் வழி.

என்னென்ன மிருகம் பார்க்கலாம்? யானை இருக்கிறதா?

யானை இல்லை. முன்னர் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்து வேட்டையிலும் காடு சுருங்கியதிலும் இந்த உயரத்திலிருந்து அற்றுப்போனது. யால, வில்பத்து மாதிரி ஜீப்பில் உட்கார்ந்து யானை எண்ணும் பூங்கா இது இல்லை. இங்கே நடந்து, நின்று, தேடிப் பார்க்க வேண்டும்.

நிச்சயம் பார்க்கக் கிடைப்பது மரை. தமிழ்நாட்டில் கடமான் என்பார்கள். காலையில் புல்வெளியில் கூட்டமாக நிற்கும், மூச்சு ஆவியாக எழும்பும். ஆண் மரையின் கொம்பு, கழுத்து மயிர், ஈரமான பெரிய மூக்கு எல்லாம் வண்டி நிறுத்துமிடத்திலேயே பார்க்கலாம். சில மரைகளுக்கு மனிதப் பயம் போய்விட்டது. அது நல்ல செய்தி இல்லை, கீழே சொல்கிறேன்.

காட்டுப் பகுதிக்குள் மேலே பார்த்து நடங்கள். ஊதாமுகக் குரங்கின் மலைநாட்டு இனம் இங்கே உண்டு. குளிருக்கு உரோமம் தடித்து வளர்ந்திருப்பதால் கரடிக் குரங்கு என்ற பட்டப் பெயர். கண்ணில் படுமுன் காதில் படும், கரகரவென்ற அந்தக் குரல் காட்டையே அதிர வைக்கும். காட்டுப்பன்றி, கீரி, பெரிய அணில் அவ்வப்போது. இரவில் மட்டும் வரும் சிவப்புத் தேவாங்கின் மலைநாட்டு இனம் பல பத்து ஆண்டுகளாக யார் கண்ணிலும் சரியாகப் படாமல், 2009இல்தான் இங்கே முதல்முறை படம் பிடிக்கப்பட்டது. பகல் நடையில் அதைத் தேட வேண்டாம், ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

சிறுத்தை இருக்கிறதாமே, பயமில்லையா?

இருக்கிறது. மரைகள் இவ்வளவு இருக்கும் இடத்தில் இல்லாமல் இருக்குமா? விடிகாலையில் பட்டிப்பொலப் பாதையில் வண்டி வெளிச்சத்தில் கண்டவர்கள் உண்டு. நான் இத்தனை தடவை போயும் ஒரேயொரு முறை, அதுவும் வாலை மட்டும் பார்த்தேன். பாதை நடுவே மயிர் கலந்த எச்சம் கிடந்தால் அது சிறுத்தையினுடையதாக இருக்கலாம், பிள்ளைகள் அதற்கே குதிப்பார்கள். கூட்டமாக, பகலில், பாதையை விட்டு விலகாமல் நடப்பவர்கள் பயப்பட ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளை மட்டும் முன்னால் தனியே ஓட விட வேண்டாம்.

மரைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் என்ன?

கொடுக்கக்கூடாது. அது சட்டப்படியும் தவறு. பழம் ஒன்றுதானே என்று தோன்றும். கொடுத்துப் பழகியதால்தான் அவை இன்று புல்லை விட்டு வண்டி நிறுத்துமிடத்தில் காத்து நிற்கின்றன. உணவு மணக்கும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. கொம்புள்ள ஒரு பெரிய மிருகம் பிள்ளையின் கையிலுள்ள பையை முட்டி இழுக்கும்போது “சாது” என்ற சொல்லெல்லாம் நினைவுக்கு வராது. எங்கள் வீட்டு வாண்டு ஒருவன் அழுது புரண்டான். அவனிடம் பழத்தைக் கொடுத்து அவனையே சாப்பிட வைத்தோம், பிரச்சினை முடிந்தது.

பிள்ளைகளுக்கு விசேஷமாக எதைக் காட்டலாம்?

பல்லி அளவில் இருக்கும் ஒரு அதிசயம். கொம்பு ஓணான். மூக்கின் நுனியில் காண்டாமிருகம் மாதிரி ஒரு வெள்ளைக் கொம்பு, ஆணுக்கு நீளம், பெண்ணுக்குச் சிறிது. இலங்கையின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பாசி படர்ந்த மரத்தண்டில், உங்கள் இடுப்பு உயரத்தில், அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நூறு பேர் பக்கத்தால் போய்க்கொண்டே இருப்பார்கள், ஒருவரும் காண மாட்டார்கள்.

பிள்ளைகளின் கண் உயரம் அதற்கு மிகச் சரி. போன தடவை எட்டு வயது மருமகள்தான் கண்டுபிடித்தாள். தண்டோடு தண்டாகப் பச்சையும் மண்ணிறமும் கலந்த உடம்பு. முதலில் அவளுக்கே சந்தேகம், காய்ந்த குச்சி ஒன்று வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். அப்புறம் அந்தக் குச்சிக்குப் பின்னால் ஒரு கண் உருண்டது. ஒரு கண் மட்டும், உடம்பு அசையவே இல்லை. கால் மணி நேரம் நாங்கள் அதைப் பார்த்தோம், அது எங்களைப் பார்த்தது. கடைசியில் ஒரு காலைத் தூக்கி, யோசித்து, திரும்ப அதே இடத்தில் வைத்தது. அவ்வளவுதான் அன்றைய நடவடிக்கை.

தொடாதீர்கள், பிடிக்காதீர்கள், பளிச்சென்று ஒளி அடித்துப் படம் எடுக்காதீர்கள். இதே காட்டில் வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும் குட்டை ஓணான் ஒன்றும் உண்டு. அது முட்டை இடாமல் குட்டி போடும் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உண்மை.

பறவை பார்ப்பவர்களுக்கு?

தனி நாளே வேண்டும். சுருக்கமாக: மஞ்சள் காதுள்ள கொண்டைக்குருவி பாதையோரப் பழமரங்களில் தாராளம். இலங்கைக் காட்டுக்கோழி, நம் தேசியப் பறவை, சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டோடு பாதையில் மேய்ந்துகொண்டு நிற்கும். அரிதான சீழ்க்கைப் பூங்குருவிக்காகப் பட்டிப்பொலவிலிருந்து வரும் பாதையோரக் குட்டை ஒன்றில் இருட்டோடு வந்து காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். அந்த இடத்தில் ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று சாரதியிடம் சொல்லி வையுங்கள்.

சாப்பாடு கொண்டு போகலாமா? பொலித்தீன் பற்றி என்னவோ சொல்கிறார்களே?

கொண்டு போகத்தான் வேண்டும், பாதையில் கடை கிடையாது. ஆனால் பொலித்தீன் தடை. நடைபாதை வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறையைக் கூடக் கழற்றிக் கடதாசியில் மாற்றித் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலையும் கிழித்தெடுப்பார்கள். முதல் தடவை எனக்கும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. உள்ளே போய் ஒன்பது கிலோமீற்றரில் ஒரு டொபி உறையைக் கூடக் காணாதபோது கோபம் போய்விட்டது.

எங்கள் வழக்கம்: ரொட்டியும் கட்டைச் சம்பலும் வாழை இலையில் கட்டி, எவர்சில்வர் டப்பாவில். அவித்த கடலை ஒரு டப்பா. பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. சோறு கறி வேண்டாம், வயிறு நிறைந்தால் நடை வராது.

என்ன உடுப்பது?

வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. காலை ஆறு மணிக்குப் பல் அடிக்கும் குளிர், பத்து மணிக்கு வெயில் முகத்தைச் சுடும், பதினொன்றுக்கு மழை வரலாம். சுவெட்டர், மழை அங்கி, தொப்பி, பிடிமானமுள்ள சப்பாத்து. ஒரு மாற்றுக் காலுறை பிள்ளைகளுக்கு. பாட்டா செருப்போடு வந்து களிமண்ணில் ஒற்றைச் செருப்பைப் பறிகொடுத்தவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். சாரி கட்டி வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் திறமை.

உலக முடிவு ஆபத்தான இடமா?

ஆம். இதில் விளையாட்டுப் பேச்சு இல்லை. விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். 2015இல் தன் புது மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் தவறி விழுந்து, கீழே ஒரு மரத்தில் சிக்கி உயிர் தப்பினார். இராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். எல்லோருக்கும் மரம் கிடைக்காது. தடுப்புக்கு உள்ளே நில்லுங்கள், பிள்ளையின் கையை ஒரு பெரியவர் பிடித்திருக்க வேண்டும், படம் எடுப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். சின்ன உலக முடிவு என்ற பெயரை நம்பி அங்கே கவனம் குறைவதுதான் நான் கண்ட பெரிய தவறு. அங்கிருந்து விழுந்தாலும் பிழைப்பது கஷ்டம்.

பேக்கர் என்பவர் யார்? அந்த அருவியில் குளிக்கலாமா?

சாமுவேல் பேக்கர், 1840களின் கடைசியில் நுவரெலியாவில் வந்து குடியேறிய ஆங்கிலேயர். இங்கிலாந்திலிருந்து மாடும் ஆளும் கொண்டுவந்து பண்ணை வைத்தார், மீதி நேரம் இந்தச் சமவெளியில் மரையையும் யானையையும் வேட்டையாடினார். பிறகு ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலம் தேடிப் போய்ப் பெயர் வாங்கினார். இவ்வளவு மிருகத்தைக் கொன்றவரின் பெயரைத் தாங்கிய அருவியை இன்று மிருகம் பார்க்க வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள். இருக்கட்டும். பெலிஹுல் ஓயா 20 மீற்றர் உயரத்திலிருந்து விசிறியாக விரிந்து விழும் அழகுக்கு அவர் பொறுப்பில்லை.

குளிக்க முடியாது, தடை. பாறை வழுக்கும், நீர் சில்லிடும்.

காடு காய்ந்து வெள்ளையாக நிற்கிறதே, தீயா?

சில இடங்களில் மரங்கள் நின்ற நிலையிலேயே செத்து, எலும்பு மாதிரி நிற்பதைக் காண்பீர்கள். தீ இல்லை. பல பத்து ஆண்டுகளாக நடக்கும் காட்டழிவு, ஆராய்ச்சியாளர்கள் ஒரே காரணத்தைக் கைகாட்டுவதில்லை. மஞ்சள் பூவோடு அழகாக நிற்கும் முள்புதரும் இந்த மண்ணுக்குரியது இல்லை, ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய கோர்ஸ் செடி. தொண்டர்கள் வந்து வந்து பிடுங்குகிறார்கள், அது வந்து வந்து முளைக்கிறது. புல்வெளியின் ஒரு பகுதியில் முன்பு உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவாவது மிஞ்சியதற்கு ஒரு தாவரவியலாளரின் பேச்சும் காரணம். 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காட்டை வெட்ட வேண்டாம் என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னார், அரசு உத்தரவும் போட்டது. இல்லாவிட்டால் இன்று இங்கேயும் தேயிலைக் கொழுந்துதான் கிள்ளிக்கொண்டிருப்போம்.

குடை விரித்த மாதிரித் தலை தட்டையாக நிற்பது கீன மரம். சிவப்புப் பூ ரோடோடென்ட்ரன். நிலத்தோரம் நெலுச் செடிகள், நீலகிரிக் குறிஞ்சியின் நெருங்கிய உறவு, அதேபோல் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூப்பவை.

வழிகாட்டி வேண்டுமா?

வளைய வழிக்குத் தேவையில்லை, பாதை தெளிவு. நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்தவுக்கும் (2,388 மீற்றர்) பூங்காவுக்குள்ளிருந்து பாதை உண்டு. அது நீளமான, சேறான நடை. பிள்ளைகள் வளரட்டும்.

திரும்பும் வழியில் வேறென்ன பார்க்கலாம்?

அம்பேவெல பால் பண்ணை. மாடு பார்த்து, பால் குடித்து வரலாம் என்று எல்லோரும் காலையில் ஆசையாகத் திட்டம் போடுவார்கள். பகல் ஒரு மணிக்கு வான் அங்கே நிற்கும்போது பின் இருக்கையில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, சேற்றுச் சப்பாத்தோடு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்ப வேண்டாம். பெரியவர்கள் மட்டும் இறங்கிக் குடித்துவிட்டு வாருங்கள், அவர்களுக்கு ஒரு போத்தல் வாங்கி வைத்தால் போதும்.